பழைய சமையலறை மேசையில் பிள்ளைகள் படம் வரைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா காலத்திலிருந்து காய் நறுக்கவும் மாவு பிசையவும் இருந்த மேசை ஒன்று, ஐந்தடிக்கு மூன்றடி. இப்போது அதில் என் மகனும் மகளும் படம் வரைகிறார்கள். அந்த மேசையை நான் இரண்டு முறை புதுப்பித்தேன். முதல் முறை செய்தது தப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளையும், அவர்கள் கேட்காமல் விட்டாலும் நானாகச் சொல்லத் தொடங்கிவிடும் சில விஷயங்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்து ஈரத்தையும் குளிரையும் மனதில் வைத்து எழுதியது இது. கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு எல்லாமே சீக்கிரம் காயும்.

எந்த மாதிரி மேசை இதற்குச் சரிப்படும்?

முழுப் பலகை போட்ட மேசை. மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கால் ஆடினால் பரவாயில்லை, பசை வைத்து இறுக்கிவிடலாம். பலகையே பொதபொதவென்று இருந்தால் விட்டுவிடுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் தேய்க்கவே முடியாது.

மலையில் பழைய மேசைகள் பெரும்பாலும் தேக்கு, இல்லையென்றால் சில்வர் ஓக். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட ஆஸ்திரேலிய மரம்தான் இந்த சில்வர் ஓக். இழைத்த பக்கத்தில் மீன் செதில் மாதிரி பளபளக்கும் புள்ளிகள் தெரியும். எங்கள் மேசையும் அதுதான். பழைய பங்களா ஏலத்தில் வாங்கிய மேசை ஈட்டி மரமாக இருந்தால், தயவுசெய்து பிள்ளைகளின் கிரேயானுக்குக் கொடுக்காதீர்கள். அதைத் தேய்க்கும் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கிளப்பும்.

மேலே சன்மைக்கா ஒட்டியிருக்கிறது. எடுக்கலாமா?

ஓரம் தூக்கியிருந்தால் எடுக்கலாம். பழைய துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினால் பசை இளகும். அகலமான பட்டி வைக்கும் தகட்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாகத் தள்ளுங்கள். ஆனால் அடியில் நல்ல பலகை இருக்கிறதா என்று மேசையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அடியில் வெறும் பிளைவுட் என்றால் சன்மைக்கா இருந்துவிட்டுப் போகட்டும். பளபளப்பு இல்லாத ரகமாக இருந்தால் அதன் மேலேயே நன்றாக வரையலாம்.

பழைய பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?

உலர்வாகத் தேய்க்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016ல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதற்கு முன்பு அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. தேய்க்கும்போது பறக்கும் தூள்தான் ஆபத்து. தரையில் படியும், பிள்ளைகளின் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கிறது. இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் அதற்குக் கிடையாது.

ஆகவே பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேசையை வெளியே எடுத்துப் போங்கள். அடியில் தார்ப்பாய் விரியுங்கள். தண்ணீர் தெளித்து, நனைந்தாலும் கிழியாத உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தூளுக்கான நல்ல முகமூடி வேண்டும், கைக்குட்டை போதாது. நெருப்பு காட்டியோ சூடான காற்று அடித்தோ பெயிண்டைக் கிளப்பவே கூடாது, ஈயம் புகையாகக் கிளம்பும். துணி, தூள், தேய்ந்த தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் போடுங்கள். செடிக்கு அடியில் கொட்ட வேண்டாம். வேலைக்குப் போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

பெயிண்டை உரிக்கும் ரசாயனம் கடையில் கிடைக்கிறது. மூடிய அறையில் அதை நான் தொடவே மாட்டேன். குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்வது நம் ஊர்ப் பழக்கம், அதனால் சொல்கிறேன்.

பெயிண்ட் இல்லை, வெறும் பாலீஷ்தான் என்றால் இவ்வளவு பயம் வேண்டாம். உடைந்த கண்ணாடிச் சில்லால் ஆசாரிகள் சுரண்டுவது போலச் சுரண்டி எடுக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அது என்ன பாலீஷ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலீஷ். அதற்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லையா, வார்னிஷோ, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சோதான், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் கறை, கருப்பு வளையம்: இவை போகுமா?

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து உடனே துடைக்க வேண்டும். சலவை சோடா வேண்டாம், சில மரங்களை அது கறுக்க வைத்துவிடும். காய்ந்த பின் தின்னர் தொட்ட துணியால் இரண்டு முறை. அதன் பிறகுதான் உப்புத்தாள். பிசுக்கோடு தேய்த்தால் தாள் நாலு இழுப்பில் அடைத்துக்கொள்ளும், எண்ணெயும் இன்னும் உள்ளே இறங்கும்.

மஞ்சள் கறைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக வெளுக்கும். எங்கள் மேசையில் தேங்காய் அளவுக்கு இருந்த மஞ்சள் திட்டு, பிப்ரவரி வெயிலில் நாலு நாளில் போனது. அதற்கு முன் மூன்று விதமான பொடி வாங்கித் தேய்த்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கருப்பு வளையம் என்பது இரும்புச் சட்டி ஈரத்தோடு உட்கார்ந்த இடம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை செய்தார்களே, அதே சங்கதிதான். ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தடவினால் போகும். ஆனால் அது விஷம், பிறகு பல முறை கழுவி எடுக்க வேண்டும். நான் விட்டுவிட்டேன். படம் வரைகிற மேசையில் ஒரு மை வளையம் இருந்தால் என்ன?

மேசைக்கு அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது.

வண்டு உளுத்திருக்கிறது. அடியில் கருப்புத் தாள் விரித்து ஒரு மாதம் பாருங்கள். புதுத் தூள் விழவில்லை என்றால் பழைய சேதம், துளைகளை லப்பம் வைத்து அடைத்துவிடலாம். புதிதாக விழுந்தால், பூச்சி மருந்து அடித்த பலகையில் பிள்ளைகள் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு வரையப்போகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். நான் வேறு மேசை தேடுவேன்.

எந்த மாதத்தில் செய்வது?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை சாத்திவிடும். கூடலூர் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நினைத்தே பார்க்க வேண்டாம். ஊட்டியில் ஜனவரியில் ஈரம் இல்லாவிட்டாலும் உறைபனி இருக்கும். தண்ணீரில் கலக்கும் பூச்சு எதுவும் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலமாகாது, மாவு மாதிரி உதிரும். எனவே காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, மதியம் கீழேயிருந்து மூடுபனி ஏறி வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

என் முதல் தப்பு இங்கேதான். ஒரு நவம்பரில், பள்ளி மழை விடுமுறையில் கை சும்மா இருக்காமல், பளபள வார்னிஷ் மூன்று கை அடித்தேன். மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று மகளை உட்கார வைத்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் மலை ரயிலை நீலத்தில் வரைந்தாள். வரைந்த தாளின் மேல் கதைப் புத்தகங்களை அடுக்கிவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் தாள் மேசையோடு ஒட்டியிருந்தது. கிழித்து எடுத்ததில் ரயிலின் பாதி தாளில், பாதி வார்னிஷில். தொட்டால் காய்ந்திருப்பது வேறு, உள்ளே இறுகியிருப்பது வேறு. ஈரமும் குளிரும் சேர்ந்தால் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும்.

ஆசாரி அண்ணன் வந்து பார்த்தார். “நவம்பர்ல அடிச்சா அது வார்னிஷ் இல்ல தம்பி, பாயசம்” என்றார்.

அப்படியானால் கடைசியாக எதைப் பூசுவது?

ஒட்டிக்கொண்டதோடு அந்த வார்னிஷின் குற்றம் முடியவில்லை. கோடையில் நன்றாக இறுகிய பிறகும் அது படம் வரைய லாயக்கில்லை. ஜன்னல் வெளிச்சம் மேசையில் பட்டுக் கண்ணைக் கூசியது. தாள் வழுக்கியது. ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் வரைவது ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சுலபமில்லை. காம்பஸ் முனையால் மகன் கிழித்த ஒரு கோட்டிலிருந்து படலம் உரியத் தொடங்கியது. அந்த ஒரு கோட்டைச் சரிசெய்ய மொத்த மேசையையும் தேய்க்க வேண்டும்.

படம் வரையும் மேசை கீறப்படும், கறைபடும். அதைத் தடுக்க முடியாது. ஆகவே கெட்டுப்போகாத பூச்சைத் தேடுவதை விட்டு, கெட்ட இடத்தை மட்டும் ஒரு சனிக்கிழமை காலையில் சரிசெய்யக்கூடிய பூச்சைத் தேடினேன். அது எண்ணெய். ஆளி விதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். மரத்துக்குள் இறங்கி இறுகும். மேலே படலம் இல்லாததால் உரிய ஒன்றும் இல்லை. மங்கலாக இருக்கும், தாள் வழுக்காது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, ஒரு துளி எண்ணெய். ‘டபுள் பாயில்டு’ என்ற ரகம் சீக்கிரம் காயும், ஆனால் காய வைப்பதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். சிறுபிள்ளை இருக்கும் வீட்டில் எதுவும் சேர்க்காத எண்ணெயே நல்லது. காய்வதற்கு நாள் பிடிக்கும், பொறுக்க வேண்டும்.

அரக்கு பாலீஷ் அழகுதான். ஆனால் வாட்டர் கலர் கிண்ணம் வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம் விழும். மழைக்காலத்தில் மொத்தமாகவே வெளிறும்.

அவ்வளவு பொறுமை இல்லை என்பவர்களுக்கு: தண்ணீரில் கலக்கும் மேட் (பளபளப்பு இல்லாத) பாலியூரித்தேன், மெல்லிய இரண்டு கை. மேட் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வாரம் ஒன்றும் வைக்காதீர்கள்.

எண்ணெய் எப்படிப் பூசுவது?

80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 120, 180. எப்போதும் மரத்தின் ரேகையோடு தேய்க்க வேண்டும், குறுக்கே போனால் அந்தக் கோடுகள் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். தொடங்கும் முன் பலகை முழுக்கக் கையால் தடவி, ஆணித் தலை நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் துளைகள். சில்வர் ஓக்கிலும் தேக்கிலும் ரேகைத் துளைகள் திறந்திருக்கும். மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் நிழல் போட்டால் மரத்தின் ரேகை படத்தில் வந்துவிடும். நாணயத்தின் மேல் தாள் வைத்துத் தேய்த்து விளையாடுவோமே, அது மாதிரி. பிள்ளைகளுக்கு அது இரண்டு நாள் வேடிக்கை, மூன்றாம் நாள் எரிச்சல். இதற்கு வழி, முதல் கை எண்ணெய் ஈரமாக இருக்கும்போதே 320 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்ப்பது. மரத்தூளும் எண்ணெயும் குழம்பாகித் துளைகளை அடைக்கும். கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்பதைக் குறுக்காகத் துடைத்துவிடுங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு கை, மூன்று கை. ஒவ்வொரு முறையும் தடவி, அரை மணி விட்டு, உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசினாக நிற்கும். எங்கள் மேசைக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

மேசையின் அடிப்பக்கத்துக்கும் ஒரு கை கட்டாயம். மேலே மட்டும் பூசினால் கீழ்ப்பக்கம் மட்டும் மழைக்கால ஈரத்தைக் குடித்து உப்பும், பலகை வளையும்.

எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துவிடும். தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

காய்ந்ததா என்று தெரிய: வெள்ளைத் தாளை வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்து, ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளில் எண்ணெய்த் தடம் இல்லையென்றால் பிள்ளைகளை விடலாம்.

தேன்மெழுகு பூசலாமா? கோத்தகிரியில் நல்ல மெழுகு கிடைக்கிறதே.

கால்களுக்கும் ஓரங்களுக்கும் பூசுங்கள், வாசனையே தனி. வரையும் பரப்பில் வேண்டாம். தாள் வழுக்கும், சூடான டம்ளர் வைத்தால் தடம் விழும்.

கரும்பலகை பெயிண்ட் அடித்தால் சாக்பீஸில் வரையலாமே?

அடிக்கலாம். முதலில் சாக்பீஸைப் படுக்க வைத்து முழுக்கத் தேய்த்து அழித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் முதல் கோடு அழியாமல் நின்றுவிடும். ஆனால் இந்த ஊர் ஈரத்தில் சாக்பீஸ் தூள் மாவாகிச் சட்டைக் கையில் அப்புகிறது. சுவரில் மாட்டும் பலகைக்குப் போதும் என்பது என் எண்ணம்.

உயரம் எவ்வளவு வைக்க வேண்டும்?

சமையலறை மேசை பொதுவாக 30 அங்குலம். நாலடி உயரமுள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய 23 அங்குல மேசையும் 14 அங்குல நாற்காலியும் பொருந்தும். கணக்கு வேண்டாம் என்றால், பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார வைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கை நிற்கும் உயரமே மேசையின் உயரம்.

தரையைக் கழுவிக் கழுவி எங்கள் மேசையின் கால்கள் அடியில் இரண்டு அங்குலம் இற்றுப்போயிருந்தன, அதனால் அறுக்க மனசு வலிக்கவில்லை. சமதரையில் மேசையை நிறுத்தி, ஒரே கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு கால்களைச் சுற்றியும் கோடு போட்டு அறுக்க வேண்டும். ஒவ்வொரு காலாக டேப் வைத்து அளந்தால் ஆடும், பிறகு ஆட்டத்தைச் சரிசெய்ய மாறி மாறி அறுத்துக் கடைசியில் மணை ஆகிவிடும். கால்கள் நல்ல நிலையில் இருந்தால் அறுக்காதீர்கள். உயரமான ஸ்டூலும் காலுக்கு ஒரு பலகையும் போதும்.

பலகை ஏற்கெனவே கிண்ணம் மாதிரி குழிந்திருக்கிறது.

குழிந்த பக்கம் காய்ந்த பக்கம். பலகையைக் கழற்றி, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி ஈரப் புல்லில் கவிழ்த்து, முதுகில் வெயில் படும்படி வையுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை பாருங்கள். நேரானதும் எடுத்துவிட வேண்டும், மறந்துபோனால் மறுபக்கம் வளையும். திரும்பப் பொருத்தும்போது திருகாணித் துளைகளைக் குறுக்குவாட்டில் கொஞ்சம் நீளமாக்கி விடுங்கள். மூன்றடி அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே கால் அங்குலம் வரை கூடிக் குறையும். அசைய இடம் கொடுக்காமல் இறுக்கினால் வெடிக்கும்.

எங்கே போடுவது?

ஜன்னலோரம், வலது கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கம் வெளிச்சம். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். கணப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் வேண்டாம்.

தாளை விட்டு மேசையிலேயே வரைந்துவிட்டால்?

கிரேயான் என்றால் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வரும். ஸ்கெட்ச் பேனா ஈரத்துணிக்கே பெரும்பாலும் போகும். பால்பாயிண்ட் பேனாவுக்கு ஸ்பிரிட், பிறகு அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெய்.

திட்டிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. அதனால் ஒரு ஒப்பந்தம்: மேல்பக்கம் தாளுக்கு, அடிப்பக்கம் அவர்களுக்கு. அங்கே மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் அடித்து வரைகிறார்கள். இப்போது அங்கே ஒரு காட்டெருமை, இரண்டு தேயிலைத் தொழிற்சாலை, சிவப்பு சாக்பீஸில் என் முகம். மீசை மட்டும் இரண்டு தடவை அழித்து வரையப்பட்டிருக்கிறது.